நடந்த பொட்டு

கண்ணாடியில்
வாடிக்கைக்காரிகள் ஒட்டிவிட்டுப் போன பொட்டுகளில்
ஒன்று நடந்தது.

சித்திரை. மதியம் மூன்று. கரண்ட் இல்லை.
கழுத்துவரை துண்டு போர்த்தி
கண்மூடிச் சாய்ந்திருந்தாள் பேங்க் அக்கா.
பல்லில் நூலைக் கடித்தபடி பார்த்தேன்:
அரக்கு நிறம், எள்ளளவு, எட்டுக் கால்.
சட்டத்தில் ஏறி, ட்யூப்லைட்டை நோக்கி
அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வலது புருவம் பாக்கி இருந்தது.

கொண்டுவந்தது மீட்டர்தான்.
வில்லாபுரத்தில் எங்கள் சந்துக்கு அது ஒரே நாய்.
கரண்ட் பெட்டிக்குக் கீழே பிறந்ததால் அந்தப் பெயர்.
வெயிலுக்கு என் பார்லர் வாசல் மொசைக்கில்
வயிறு பரத்திப் படுத்துக்கொள்ளும்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அன்று சாயங்காலம் அதன் காதை மடித்தேன்.
உள்ளே மாட்டுத்தாவணிக் கூட்டம்.
கடுகாய், மிளகாய்,
குடித்துக் கொழுத்தது ஆமணக்கு முத்தாய்.
விரலிடுக்கிலும், வாலடியிலும்,
யாரோ எப்போதோ கட்டிய சிவப்புக் கயிற்றுக்கடியிலும்.

உண்ணி என்று பேர் வைத்தவர்
எதை உண்ணும் என்று சொல்லாமல்
மிச்சம் பிடித்துவிட்டார்.

மண்ணெண்ணெய் தடவு, என்றார் மாவுமில் செல்லப்பாண்டி.
பீடிக் கங்கை வை, தானா விழும், என்றார்
கறிக்கடை சிக்கந்தர்.
இருவருக்கும் தோல் என்றால்
உரித்தது, இல்லையென்றால் தங்களுடையது.

எனக்குப் பதினோரு வருடமாக
அடுத்தவர் தோல்தான் சோறு.
பழைய பிளக்கர் ஒன்றைத் தனியாக எடுத்துவைத்தேன்.
தோலை ஒட்டிப் பிடிக்கணும்.
திருகக் கூடாது. வெடுக்கென்று கூடாது.
நேராக, மெதுவாக, விடாமல்.
தலை உள்ளே தங்கிவிட்டால் சீழ் கோக்கும்.
முடிக்கும் அதே சட்டம்தான்,
முடிக்குக் கால்கள் இல்லை, அவ்வளவே.

'ஏழு நாளில் மினுமினுப்பு' என்று எழுதிய
காலி க்ரீம் டப்பாவில் ஸ்பிரிட் ஊற்றி
ஒவ்வொன்றாய்ப் போட்டேன்.
நூற்றுப் பதினான்கு.
மறுநாள் மறுபடி முப்பது.

மூன்றாம் நாள் மீட்டர் எழவில்லை.
உதட்டைத் தூக்கிப் பார்த்தால்
ஈறு வெளுத்துக் கிடந்தது.
வெளுக்க வைப்பது என் தொழில்.
இந்த வெளுப்பைப் பார்த்துக் கை நடுங்கியது.

தல்லாகுளத்துக்கு ஆட்டோ.
முடி கொட்டும் என்று முப்பது ரூபாய் கூடுதல்.
ஏ.வி. பாலத்து நெரிசலில்
என் மடியில் அது மூச்சு வாங்க
கீழே வைகையில் மணல் மட்டும்.

டாக்டர் இர்ஃபானா ரத்தம் எடுத்தார், ஊசி போட்டார்.
"நாய் மேல இருக்கிறது கொஞ்சம்மா,
சுவத்துல இருக்கிறதுதான் ஜாஸ்தி."
எடைக்கேற்ற மாத்திரை ஒன்று எழுதினார்.
விலை: இரண்டு கோல்டு ஃபேஷியல்.
மாதம் தவறாமல்.

சிக்கந்தர் காசில்லாமல் ஈரல் கொடுத்தார்.
மீட்டர் ஈரலைத் தின்று
மாத்திரையைத் துப்பியது.
இரண்டாம் துண்டில் ஏமாந்தது.

கண்ணாடியைக் கழற்றினேன்.
பின்னால் விரிசல் நெடுக
தேன்நிறத்தில் முட்டை, கசகசா கொட்டியதுபோல.
சுரண்டினேன், வெந்நீர் ஊற்றினேன்,
ஒயிட் சிமென்ட் வைத்து அடைத்தேன்.
முன்னாலிருந்த பொட்டுகளையும் உரித்தெடுத்தேன்,
அத்தனையையும், எதையும் நம்பாமல்.

பேங்க் அக்காவிடம் அடுத்த மாதம் சொன்னேன்.
வேறு இரண்டு பேர் கேள்விப்பட்டதோடு சரி,
எதிர்க்கடைக்கு மாறிவிட்டார்கள்.
இவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு தலையைச் சாய்த்து,
"என் காதுக்குப் பின்னாடியும் பாத்துரு" என்றாள்.
பார்த்தேன். ஒரு மச்சம்.
அழுத்திப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இப்போதும் யாராவது
நெற்றிப் பொட்டைக் கண்ணாடியில் ஒட்டினால்
பேச்சை நிறுத்தி ஒரு நொடி காத்திருப்பேன்.

ஷட்டர் பாதி இறங்கும் சத்தத்துக்கு
மீட்டர் வந்து படுத்து
இடது காதைக் கொடுக்கிறது.
அது முடிந்ததும் எழுந்து உதறிக்கொண்டு
கறிக்கடைப் பக்கம் ஓடிவிடும்.

வலது, தினமும் பாக்கி.