நான்கு மில்லிமீற்றர்

செத்த பிறிண்டர் ஒன்றைக் கழற்றி
நாற்பத்தொரு ஆணி எடுத்தேன்,
இரண்டு சுருள்வில், ஒரு இரும்புத் தண்டு.
எட்டு சேர்வோ மோட்டரும் கொழும்பிலிருந்து
இரவு பஸ்ஸில், சப்பாத்துப் பெட்டிக்குள் வந்தன.
கால்களுக்கு
போன மாரியில் காற்று முறித்த குடையின் கம்பி.

மதுவந்தி பெயர் வைத்தாள்: நட்டுவக்காலி.
பிறகு தானே குழம்பினாள்,
"அதுக்கு எட்டுக் காலெல்லோ அம்மா?"
மிச்ச நாலுக்கும் சம்பளம் வரட்டும் என்றேன்.

பகலில் நான் ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில்
ஊராரின் இரத்தத்தில் வெள்ளையணு எண்ணுகிறவள்.
இரவில், தேங்காய்ப்பூ துடைத்த மேசையில்
ஈயம் உருக்குகிறவள்.
மேசை விளிம்பில் மூன்று சூட்டுத் தழும்பு.
என் கையில் எத்தனை என்று
இவர் கேட்பதை விட்டுவிட்டார்.

மூன்று கிழமை அது நடக்கவில்லை, நடுங்கியது.
விடியப்புறம் தவபாலன் வீட்டு
நீர்ப்பம்பி உறுமத் தொடங்கினால்
இன்னும் மோசம், குளிர்காய்ச்சல்காரர் மாதிரி.
பம்பியைத் திட்டினேன். பம்பிக்காரரைத் திட்டினேன்.
வேலிக்கு இந்தப் பக்கம், மெல்லமாக.

பிழை என்னுடையது.
மூளைக்கு ஒரு பற்றறி, கால்களுக்கு ஒரு பற்றறி,
இரண்டின் கறுப்பு வயரும் எங்கேயும் சந்திக்கவில்லை.
ஐந்து என்று மூளை சொல்கிறது.
எதிலிருந்து ஐந்து என்று காலுக்குத் தெரியாது.
இரண்டு அங்குல வயர்
ஒரு சொட்டு ஈயம்
இரவு இரண்டே கால்.
நட்டுவக்காலி ஆடாமல் நின்றது.

திட்டியதைத் திருப்பி எடுக்கலாம்தான்.
ஆனால் எங்களுக்குள் பேச்சில்லை, ஏழு வருடம்.
ஒன்றரை அடி நிலம்.
ஒரு அளவைக்காரர் கிணற்றடியிலிருந்து அளந்தார்,
மற்றவர் ஒழுங்கையிலிருந்து.
இரண்டு வரைபடமும் அலுமாரியில் இருக்கின்றன,
இரண்டிலும் முத்திரை, இரண்டிலும் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் விட்டோம்.
சுடுமணலில் செருப்பில்லாமல் நிற்பவர் போல
காலை மாற்றி மாற்றி வைத்துப் போனது.
மாமரம். திரும்பியது.
வாளி. திரும்பியது.
பிறகு, கொக்குவில் முழுக்க இடம் கிடக்க,
அவர்களின் நாய் வந்துபோகும் வேலிப் பொட்டு.
கதியாலுக்கும் கதியாலுக்கும் நடுவால்
நுழைந்து போய்விட்டது.

முழங்காலில் இருந்து பார்த்தேன்.
தவபாலன் சாரத்தை மடித்துக் கட்டி,
கையில் குறடு.
அவர் பாதத்துக்கு இருபது சென்ரிமீற்றர் முன்னால்
நட்டுவக்காலி நின்றது.
முன்னால் ஏதும் இருந்தால் நில், வலது பக்கம் திரும்பு.
அவ்வளவும்தான் நான் எழுதிக்கொடுத்தது.
திரும்பியது.
அவர் சுற்றிவந்து மறித்தார். திரும்பியது.
மற்றக் காலை நீட்டினார். திரும்பியது.
ஒருத்தரும் பார்க்கவில்லை என்று நினைத்து
சிரித்தார்.
எனக்கு அவர் பல்லின் இடைவெளி மறந்தே போயிருந்தது.

பிறகு இரண்டு கையாலும் தூக்கி
பொட்டுப் பக்கம் முகம் வைத்து விட்டார்.
பின்னங்கால் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

அடுத்தநாள் காலை, பம்பிச் சத்தம் நின்றதும்,
தன் நாயிடம் சொன்னார், ஒழுங்கை கேட்க:
"பிறவுணி, அதின்ரை பின்னங்காலிலை
ஒரு நட்டு இல்லையடா."

கதியால் தலையில் இருந்தது,
மண்ணெண்ணெயில் கழுவிய பளபளப்போடு.
எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஆடுகிறது.
என்னுடையது மூன்று மில்லிமீற்றர்.
இது நான்கு, பம்பியினது.

திருப்பிக் கொடுப்பதென்றால் பேச வேண்டும்.
கதியாலில் வைத்தால் அதுவும் ஒரு பேச்சு,
வேறு மாதிரியான பேச்சு.
ஆணியை மாற்றலாம். துளையைப் பெருப்பிக்கலாம்.
மூட்டுப் பிளாஸ்ரிக் மெல்லியது,
வெடித்தாலும் வெடிக்கும்.

ஆசுபத்திரியால் வரும்போது வாங்க:
சீனி, உள்ளி, மதுவுக்கு ஒரு கொப்பி,
நாலு மில்லி ஆணி,
நாலு மில்லி துளைக்கிற அலகு.