காகிதத்தின் பல்

காகிதத்துக்கும் பல் உண்டு என்றாள் டானிக்கா.
சிரித்துவிட்டேன்.
சாஸ்கடூனில் பதினோரு ஆண்டாய்
பிறர் பல்லைச் சுரண்டிப் பிழைக்கிறவள் நான்.

செவ்வாய் மாலை, நூலகத்தின் கீழ்த்தளம்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
மேசையில் ஒரு கத்தரிக்காய்,
கடையின் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியபடி.

கறுப்பை எடுத்தேன். அழுத்தினேன்.
ஐந்தரை மணிக்கு வரும் கடைசி வாயை
முடித்தனுப்பும் அதே அவசரம்.
மெழுகு பளபளத்தது.
அதன்மேல் நீலம் வழுக்கியது, சிவப்பும் வழுக்கியது.
பல் நசுங்கிவிட்டது என்றாள்,
இனி எதுவும் பிடிக்காது.

புதுத் தாள்.
பென்சிலின் வாலைப் பிடித்து,
தீட்டினோமா இல்லையா என்று ஐயம் வருமளவுக்குக்
கருநீலம்.
குறுக்காக அரக்குச் சிவப்பு.
அதற்கும் மேலே, நம்பிக்கையே இல்லாமல், பாசிப் பச்சை.
சின்னச் சின்ன வட்டங்கள். மணிக்கட்டு வலித்தது.
அடியிலிருந்த நிறம் எங்கும் போகவில்லை,
மேலே வந்ததோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது.
ஏழாவது பூச்சில்
பெட்டியில் இல்லாத ஒரு கருமை.

காயின் தோளில் குழல்விளக்கு விழுந்த இடத்தை
வெறுமனே விட்டேன்.
வெள்ளைப் பென்சில் கூராகவே கிடந்தது.
காம்பு இன்னும் வரையவில்லை.

மறுநாள் காலை
நாற்காலியில் சாய்ந்து வாய் திறந்தார் ஹ்ரிட்சுக்.
இத்தனை நாள் வெள்ளை என்றே நான் நினைத்த பல்லில்
மஞ்சள், சாம்பல், ஓரத்தில் ஒளி ஊடுருவும் நீலம்,
ஈறருகே பழைய தேநீர்.
எது முதல் பூச்சு என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன, சொத்தையா?" என்றார்
பஞ்சுக்கு நடுவிலிருந்து.