ஜன்னலைத் திறந்தால் அடிக்கலாம்

இன்னிஸ் கட்டிலை எடுத்துப் போன செவ்வாய்க்கிழமை
கம்பளத்தில் நான்கு பள்ளம் மிச்சம்.
கால்கள் நின்ற இடம்.
நாணயம் வைத்தால் வாகாக உட்காரும்.
அளவு நாடாவை அங்கிருந்துதான் இழுத்தேன்.

பதினாலரை அடிக்குப் பதினொன்று.
அபர்டீனில், கருங்கல் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு நேர் கீழே பேருந்து நிறுத்தம்.

கடையில் டூகல் ஏழடி மேசையைத் தட்டிக் காட்டினார்,
குதிரைக்கு விலை பேசுகிறவர் மாதிரி.
"தாராளமாக நுழையும், எல்ஸ்பெத்."
நுழையும்.
மேசைக்கென்ன, ஒருக்களித்துப் படியேறிக்கூட வரும்.
நுழையாதது என் முழங்கை.

பன்னிரண்டு மீட்டர் பேருந்தைச் சந்துக்குள் திருப்பித்
தினம் சோறு தின்கிறவள் நான்.
வண்டி எவ்வளவு நீளம் என்பது பேச்சே இல்லை.
திரும்பும்போது அதன் வால்
எந்தக் கம்பத்தை உரசும், அதைச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து
செய்தித்தாள்களை ஒட்டி
ஆறடி மேசை ஒன்றைத் தரையில் விரித்தேன்.
துடைப்பக் கட்டையில்
ஐம்பத்தேழாவது அங்குலத்தில் ஒரு கோடு.
காகித ஓரத்தில் ஓர் ஆரஞ்சுப் பழம்.
மண்டியிட்டுக் குறிபார்த்துப் பின்னிழுத்தேன்.
டக்.
சுவர்.
அந்தப் பக்கம் போனேன்.
டக்.
அலமாரி.
எட்டு வருடம் இரண்டு பேர் படுத்திருந்த அறையில்
ஒரு கோலைப் பின்னுக்கு இழுக்க இடமில்லை.

கட்டிலுக்குச் சுற்றிலும் இடம் தேவைப்படவில்லை.
சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது.
சுவர்ப் பக்கம் அவன்.
இறங்க வேண்டுமென்றால் என்னைத் தாண்ட வேண்டும்.
தாண்டினான்.

அலமாரியைச் சின்ன அறைக்குத் தள்ளினேன்,
என் ஒற்றைப் படுக்கைக்குத் தலைமாட்டில்.
இப்போதும் அகலம் உதைத்தது.
நாலடிக் குட்டைக்கோல் வாங்குங்கள் என்றார் டூகல்.
வாங்கினேன். அதைப் பிடித்தால்
கரண்டியால் பந்தாடுவது போலிருந்தது.

அப்புறம் எடை.
ஸ்லேட் கல் என்றால் நூற்றைம்பது கிலோ.
மரத்தூள் பலகை பாதிதான்,
ஆனால் இந்த ஊர் ஈரத்துக்கு
இரண்டு குளிர்காலத்தில் முதுகு வளைந்துவிடும்,
பந்தெல்லாம் ஒரே மூலைக்கு ஓடும்.
கல்தான் என்றேன்.
சொல்லிவிட்டுக் கீழ்வீட்டை நினைத்தேன்.

கீழ்வீட்டு ஸ்லாவோமிர்
தன் கூரையைப் பற்றிப் பேசத்தான் மேலே வந்தார்.
தச்சர். சட்டைப்பையில் காந்தம்.
கம்பளத்தை மடித்து, தரையில் தவழ்ந்து,
காந்தம் ஆணியைக் கவ்விய இடமெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டார்.
உத்தரம் இப்படி ஓடுகிறது,
மேசை இப்படிக் குறுக்காக நிற்க வேண்டும்.
பந்து உள்ளே உருண்டு திரும்புகிற பெட்டி வேண்டாம்,
வலைப்பை போடு,
என் தலைக்கு மேல் ராத்திரி இடி இடிக்கக் கூடாது.
சரி என்றேன்.
பிறகு, காலைக் கொஞ்சம் மாற்றி நின்றுகொண்டு,
அடிக்கத் தெரியாதவர்களுக்கும் இடம் உண்டா என்றார்.

பச்சையா நீலமா என்று
துணிக்கு மட்டும் மூன்று வாரம் யோசித்தேன்.
அதற்குக் காரணமே இல்லை.
நீலம்.

பிப்ரவரி. மேசை நிற்கிறது,
பழைய பள்ளங்களில் ஒன்றைக்கூட மிதிக்காமல்.
மூன்று பக்கம் குட்டைக்கோல்.
நாலாவது பக்கம் ஜன்னல்.
அங்கே மட்டும் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு
புதன்கிழமைப் போட்டிக்கு எடுத்துப்போகும்
என் சொந்தக் கோலை எடுக்கலாம்.

நேற்றிரவு கறுப்புப் பந்து
எதிர்ப்பக்க விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது.
வெள்ளை, ஜன்னலோரம்.
தூக்கினேன். பனித்தூறல் துணிமேல் விழுந்தது.
கோலின் அடிப்பாகம் ஒரு முழம் வெளியே போய்
தெருவுக்கு மேலே நீண்டது.
நிறுத்தத்தில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.
எங்கள் டிப்போக்காரன் ஒருவன் ஹாரன் அடித்தான்.

ஸ்லாவோமிர் தன் கோட்டை மாட்டிக்கொண்டார்.
போகப் போகிறார் என்று நினைத்தேன்.
பொத்தானை மேல்வரை போட்டுவிட்டு
மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ம், அடி."