மீந்த சூடு

இரவு இரண்டு பத்துக்கு
சுவிட்ச்யார்டுக்குள் ஏறிய உடும்பு ஒன்று
தானும் செத்து எங்களையும் நிறுத்தியது.
ஐம்பதில் நின்ற அலைவெண்
நாற்பத்தொன்பது புள்ளி எட்டுக்கு இறங்கி
மறுபடி நிமிர்ந்தது.
அவ்வளவுதான். கோலாலம்பூரில்
ஒரு காற்றாடிகூட முனகியிருக்காது.

சுங்கை கெருவிங்கில் மட்டும் நாய்கள் எழுந்துவிட்டன.
பதினேழு வருஷத்து இரைச்சல்
சட்டென நின்றால் பயம் வரத்தானே செய்யும்.

பன்னீர் போன் அடித்தார்:
“என்ன, சத்தத்தைக் காணோம்?”
எண்ணெய் ஆலை எடைமேடையில்
செம்பனைக் குலை நிறுக்கிற மனுஷர்.
சனிக்கிழமை எங்களுக்குப் பதிவுத் திருமணம்.
அவருக்கு முதல். எனக்கு இரண்டாவது.
“உடும்பு” என்றேன். வைத்துவிட்டேன்.

நின்ற தண்டைச் சும்மா விடக்கூடாது.
மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டே இருக்கணும்,
இல்லாவிட்டால் தன் கனத்திலேயே வளைந்துபோகும்.
ஒன்பது வருஷம் நான் அப்படித்தான்.
ஷிப்ட், பசியாறை, தூக்கம், ஷிப்ட்.

உடும்பை அப்புறப்படுத்தி
இன்சுலேட்டர் பார்த்து முடிக்க மணி நாலரை.
எரிவாயு டர்பைன் முரடு,
பற்றவைத்தால் அரைமணியில் நகரத்தோடு சேர்ந்துவிடும்.
அது வெளியே தள்ளுகிற காற்று அறுநூறு டிகிரி.
வானத்துக்கு விட்டால் வானத்துக்கு.
பிடித்துக் கொதிகலன் குழாய்களுக்கு நடுவே அலையவிட்டால்
தண்ணீர் ஆவியாகிப் பக்கத்து டர்பைனும் சுற்றும்.
அதற்கென்று தனியாக
ஒரு பொறி நெருப்பும் நாங்கள் போடுவதில்லை.

ஆனால் அவசரப்படுத்த முடியாது.
நின்று சில மணிநேரமே ஆன இரும்பு
உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்.
தணிந்த ஆவி பட்டால் விரிசல்.
சூட்டுக்குச் சூடு பொருந்தும்வரை
வால்வை இரண்டு சதவீதம் திறந்து
திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கணும்.
“சபார், காக்” என்கிறான் ஸம்ரி,
நாசி லெமாக் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி.

லெட்சுமணன் ஒட்டுக்கடையில் யாரோ சொன்னார்களாம்:
“போயும் போயும் மீந்ததைக் கட்டுறான்.”
சொன்னவர் வீட்டு ஐஸ்பெட்டியும்
எங்கள் மின்சாரத்தில்தான் குளிர்கிறது.
மூன்று சதவீதம்.
நான்கு.

பதிவேட்டில் எழுதினேன். காரணம்: உடும்பு.
நீளம்: ஸம்ரியின் கை அளவுக்கு ஒன்றரை.

வெளியே செம்பனை ஓலைகளுக்கு மேல் வெளுக்கிறது.
முதல் லாரி எடைமேடை ஏறியிருக்கும்.
பன்னீருக்கு அனுப்பினேன்: சத்தம் வந்துவிட்டதா?

ஒன்றுதான் கேட்கிறது, என்று பதில்.

கொஞ்சம் பொறுங்கள்.
இன்னொன்று வரும்.