உறையாத பங்கு

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலை.
இரவு ஷிஃப்ட். மைனஸ் பதினெட்டு.
பீப்பாய்க்குள் பெங்களூரா கல்லாகிக் கிடக்கிறது.
முனிரத்தினம் முட்டியால் தட்டிக் காட்டுகிறார்:
"முழுசா இறுகிடுச்சு மேடம்."

முழுசா இல்லை.
ஆய்வகக் கருவி இழுக்கும் கோட்டில்
ஒரு சின்னப் பங்கு
இன்னும் தண்ணீர்.

நாரின் சுவரில் துளைகள் உண்டு,
தலைமுடியைப் பல்லாயிரமாய்க் கீறினால் வரும் அகலம்.
அதற்குள் சிக்கிய நீர் பனியாக வேண்டுமென்றால்
ஆறு பேர் கைகோத்து வளையமிட வேண்டும்,
ஆளுக்கு நாலு பிடி.
அங்கே மூன்று பேர் நிற்கவே நெருக்கடி.
ஒரு கையைச் சுவர் வேறு பிடித்துவைத்திருக்கிறது.

உறையவும் இடம் வேண்டும்.

சில கரிக்குழாய்களில் தலைகீழாம்,
கொதிக்கிற சூட்டிலும் கட்டியாய் நிற்குமாம்.
படித்ததுதான். பார்த்ததில்லை.

ஐந்தரைக்குக் கிருஷ்ணகிரி டவுன் பஸ்.
மூவர் சீட்டில் ஐவர்.
யாருடைய டிபன் கேரியரோ என் விலாவில்.
நள்ளிரவில் அண்ணன் போனில் சொன்னதற்கு
விறைத்துப்போய் உட்கார
முழங்கை அளவு இடமில்லை.

கையை நெளித்து எடுத்து
டிக்கெட்டுக்குச் சில்லறை நீட்டுகிறேன்.