பத்துக்கு எத்தனை

மருதமுனைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில்
கொழும்புப் பொடியன் தாளை நீட்டுகிறான்.
ஒன்றிலிருந்து பத்துக்குள்
ஒரு இலக்கம் சொல்லட்டாம்.
உங்கள் வாகனம் உங்களுக்குத் திருப்தியா?

தம்பி, நான் இதற்கு ஐந்தாவது ஆள்.
டொயோட்டா டீ.எக்ஸ். வேகன்,
ஸ்ரீ போட்ட இலக்கத்தகடு.
முதலாள் கண்டி டாக்டர்.
இரண்டாமாள் அம்பாறைக் கொந்தராத்துக்காரர்;
கண்ணாடித் தண்டில் அவர் கட்டிய பிரித் நூல்
வெள்ளை போய் மஞ்சளும் போய்
இப்போது நிறமென்று ஒன்றில்லை.
நான் அவிழ்க்கவில்லை.
மூன்றாமாள் களுவாஞ்சிகுடி.
நாலாமாளின் பெயர் புத்தகத்தில் ஈரம் பட்டு
அழிந்து கிடக்கிறது,
ஆசனத்துக்கடியில் மட்டும்
ஒரு தீப்பெட்டி, அதற்குள்
யாரோ ஒரு பிள்ளையின் பால்பல்.
அதையும் எறியவில்லை.

எழுதிக்கொள்.
ஏ.சி. இல்லை. ஜன்னல் உண்டு, கடல் உண்டு.
கிளட்ச் பிளேட் மூன்று தரம்.
பெற்றோல் இல்லாத வருசம்
வரிசையில் தள்ளித் தள்ளியே
பாண்டிருப்பு மட்டும் போனேன்;
தள்ளுவதற்கும் லேசான கார்.
பெரியநீலாவணை கிருபைராசா
பொனட்டைத் திறக்கும்போதெல்லாம் சொல்வான்:
'காக்கா, இதுக்குப் பழுது வராது,
நமக்குத்தான் வரும்.'

தாளின் பின்புறம் கம்பனியின் கதை.
பொடியன் வாசிக்கிறான்.
குடும்பப் பெயரில் இரண்டு கீறலைக் குறைத்து
எட்டுக் கீறலில் எழுதினார்களாம்,
எட்டு ராசியாம்.
கடைக்கார பைறூஸ் சிரித்தான்:
நம்மட ஆக்கள்தான்.

அதற்கு முதல்
அவர்கள் செய்தது காரில்லையாம்,
தறியாம்.

கடையில் எல்லாத் தலையும் திரும்பியது.
இந்த ஊரில் தறி என்றால்
தூங்குகிறவனும் எழும்புவான்.
'என்ன தறி?' என்றார்
சாரன் நெய்கிற உதுமாலெப்பை.
ஒரு நூல் அறுந்தால்
தானாகவே நின்றுவிடும் தறி.
'ஒரே ஒரு நூலுக்கா?'
ஒரே ஒரு நூலுக்கு.
அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

நான் வெளியே பார்த்தேன்.
வேகன் வெயிலில் நின்றது.

அந்த இரவு கல்முனையில் ஏலாதென்று
மட்டக்களப்புக்கு எழுதித் தந்தார்கள்.
அம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்தது.
பின் ஆசனத்தை மடக்கி
பாய் விரித்து
சுலைகாவைக் கிடத்தினோம்.
மகள் பக்கத்தில் குந்தியிருந்து
தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.
கல்லாற்றுப் பாலம், களுதாவளை,
தேற்றாத்தீவு, செட்டிபாளையம்,
எண்பதில் ஒரு நடுக்கமில்லை.
'வாப்பா, கெதியா. வாப்பா, கெதியா.'
கிரான்குளம் தாண்டும்போது
மகள் அதைச் சொல்வதை நிறுத்தினாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.
ஆரையம்பதி. காத்தான்குடி.
கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன.
சூடு ஏறவில்லை, கியர் பிசகவில்லை,
இஞ்சின் அதே சத்தத்தில்,
புறப்பட்டபோது எப்படியோ அப்படியே,
கல்லடிப் பாலத்தில் ஏறி இறங்கியது.
எதுவும் அறுந்ததாக
அதற்குத் தெரியவே இல்லை.

ஏன் நிற்கவில்லை என்று
ஒரு வருசம் அதைக் கழுவாமல் வைத்திருந்தேன்.
நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன்,
அதுவும் தெரியாது.

பொடியன் பேனையைத் திறந்தபடி இருக்கிறான்.
இந்தத் தாளில் அதற்கொரு கட்டம் இல்லை,
அவனில் பிழையுமில்லை.

ஒன்பது போடு தம்பி.

'ஒன்று ஏன் குறைந்தது, நானா?'

ஹோன் சரியில்லை, என்றேன்.

தேத்தண்ணிக்குக் காசு வைத்தேன், அவனுக்கும் சேர்த்து.
மகளுக்கு வேலை விடுகிற நேரம்.
கதவு வழமைபோல இரண்டாம் இழுவைக்குத் திறந்தது.
சாவியைத் திருகினேன்.
உடனே பிடித்தது.