இரண்டு ஆள் காசு

கடியபட்டணம் ஐஸ் பிளாண்டில்
இருபத்தாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன்.
எந்த வள்ளம் எத்தனை பார் ஏற்றியது,
எவன் ரொக்கம், எவன் கடன்,
கடனைக் கேட்டால் எவனுக்குக் காது அடைக்கும்,
கடலில் நடப்பதில் பாதி என் நோட்டில் இருக்கும்.
கடலில் நான் இருந்ததில்லை.
முழங்கால் மட்டும். அதுவும் சேலையைத் தூக்கிப் பிடித்து.

கப்பலில் ஏழு நாள் என்றதும்
மைனி பிரிஜித் வாளை நறுக்குவதை நிறுத்தினாள்.
"ஒத்தைக்கா?"
"ஒத்தைக்குத்தான்."
"கூட ஆருமில்லாம அங்க என்ன செய்வ?"
"இங்க என்ன செய்யேன்?"
அதற்கப்புறம் கத்தி கொஞ்சம் வேகமாக நடந்தது.

நாகர்கோவிலில் டிக்கெட் போட்ட பையன் சொன்னான்,
ஒரு ஆளுக்கென்று அறை கிடையாது மேடம்,
தனியாகப் போனாலும் இரண்டு ஆள் காசு.
கணக்குக்காரி விடுவேனா?
அரைமணி நேரம் பேசினேன். அசையவில்லை.
வராத ஒருவருக்கும் சேர்த்துக் கட்டினேன்.

வராதவர் நல்ல துணையாக இருந்தார்.
இரண்டு துண்டு, இரண்டு ஜோடிச் செருப்பு,
ராத்திரி தலையணை மேல் இரண்டு மிட்டாய்.
இரண்டையும் நானே தின்றேன்.
ஒருநாள் துண்டை முறுக்கி யானை செய்து
அவர் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.
கலைக்க மனம் வராமல் பாவாடையால் துவட்டினேன்.

சாப்பாட்டு மேசையில் மீன் வந்தது.
விரலால் தொட்டதும் தெரிந்தது, ஐஸில் பத்து நாள் கிடந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
எதிரே கோயம்புத்தூர்த் தம்பதி.
"சார் வரலீங்களா?"
"தலைசுற்றல். படுத்திருக்காங்க" என்றேன்.
வாய் எப்படி வந்ததோ.
மூன்றாம் நாள் அந்தம்மா
சாருக்கென்று ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினாள்.

வியாழக்கிழமை ராத்திரி. கொழும்பு கழிந்துவிட்டது.
வடக்கே முட்டத்து வெளிச்சம்
வீசிப் போனது, திரும்பி வந்தது.
பிறந்ததிலிருந்து எங்கள் முற்றத்துக்கு மேலே சுற்றுகிறது.
எங்களுக்காகச் சுற்றவில்லை என்பது
இங்கே வந்து நின்றால்தான் தெரிகிறது.
மாடி பல்பைப் போட்டு வைக்கிறேன் என்றிருந்தாள் பிரிஜித்.
கரை நெடுக பல்பு.
எது எங்களுடையது?
எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கை அசைத்தேன்.

பிறகு கீழே பார்த்தேன்.
தண்ணீரில் சின்னச் சின்ன விளக்குகள்.

பிளாண்டு வாசலில் பையன்மார் காறித் துப்பிச் சொல்லும்
கப்பல் இதுதான்.
உறங்குகிற வள்ளத்தின் மேல்
தெரியாமலே ஏறிப் போய்விடுகிற கப்பல்.
அதன் பதினோராம் மாடியில்
ஆரஞ்சு ஜூஸோடு நான்.
முதுகுக்குப் பின்னால் பாட்டு, ஆட்டம்,
யாரோ ஒருவர் மைக்கில் சிரிக்கிறார்.

எண்ணத் தொடங்கினேன். வேறென்ன தெரியும் எனக்கு?
முன்னால் பதினேழு.
ஒவ்வொன்றாக அருகே வந்து, குலுங்கி, விலகி.
பின்பக்கம் ஓடிப்போய் எண்ணினேன்.
பதினாறு.
மறுபடியும் எண்ணினேன்.
பதினாறு.
ஒரு வெள்ளை உடுப்புக்காரரிடம் சொன்னேன்.
அவர் பணிவாகக் கேட்டார்: "ஜூஸ் இன்னொன்று தரட்டுமா?"
விடியும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை பிளாண்டு.
சாப்பாடு எப்படி என்றார்கள். கொள்ளாம் என்றேன்.
பத்தரைக்கு வியான்னி ஐஸ் ஏற்ற வந்தான்.
"வியாழக்கிழமை ராத்திரி எங்க கெடந்தீங்க?"
"தெக்க. ஒரு கப்பல் போச்சுக்கா,
கலியாண வீடு கணக்கா.
நம்ம பேட்டரி செத்துக் கெடக்கு.
டார்ச்ச அடிச்சடிச்சு காட்டினேன்,
எவன் பாக்கான்?"

பேனா மூடியைத் திறக்க நேரமாயிற்று.
"எத்தனை பார்?"
"முப்பது."
முப்பது என்று எழுதினேன்.
கைப்பையில் கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினேன்.
"கடல்ல தலை சுத்தினா மோந்து பாரு."
"எனக்கா? தலையா?" சிரித்தான்.
"வச்சுக்கடே.
ரெண்டு ஆள் காசு குடுத்தது."